கச்சேரிக் கணக்கும் கணினிக் கணக்கும்

வன்னியில் ‘புலனாய்வு’ என்ற சொல்லைப் பார்த்துத்தான் பாவிக்க வேண்டும். புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வீட்டுப் படலையடியில் நின்று “நான் புலனாய்வு ஊடகவியலாளர்” என்று சொன்னால், உள்ளே இருப்பவர்களுக்கு முதலில் நினைவில் வருவது மோட்டார் சைக்கிளில் வந்து, தன் பெயரைச் சொல்லாமல், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறவர்தான். ஒரு ஐயா என்னை நேரேயே கேட்டார்: “தம்பி, நீர் எந்தப் பக்கத்துப் புலனாய்வு?” அன்றோடு அந்தச் சொல்லைப் படலைக்கு வெளியிலேயே விட்டுவிட்டேன். பேப்பர்காரன் என்றால் போதும்; ஒரு பிளேன்ரீயாவது வரும்.

தரவும் அல்கொரிதமும் (கணினிக்குப் படிப்படியாக எழுதிக்கொடுக்கும் விதிகள்) இந்தத் தொழிலை எப்படி மாற்றியிருக்கின்றன என்று பயிற்சிப் பட்டறைகளில் சொல்லித்தருகிறவர்கள் பெரும்பாலும் 2016இன் பனாமா ஆவணங்களில் இருந்து தொடங்குவார்கள். வெளிநாட்டு மறைவுக் கம்பனிகள் பற்றி ஒரு சட்ட நிறுவனத்திலிருந்து கசிந்த 1 கோடியே 15 இலட்சம் கோப்புகள், 2.6 டெராபைட். உட்கார்ந்து வாசித்தால் ஆயுள் போதாது. அதனால் படமாக இருந்த பக்கங்களைக் கணினியால் எழுத்தாக மாற்றினார்கள். சொல்லைக் கொடுத்தால் பக்கத்தைக் காட்டும் சுட்டி ஒன்றைக் கட்டினார்கள். ஆள், கம்பனி, முகவரி ஆகியவற்றைப் புள்ளிகளாகவும் அவற்றுக்கிடையிலான தொடர்புகளைக் கோடுகளாகவும் போட்டுப் பார்த்தார்கள். 2021 ஒக்டோபரில் அதே மாதிரிக் கசிவான பண்டோரா ஆவணங்கள் வந்தபோது கோப்புகள் 1 கோடியே 19 இலட்சம், அவற்றில் வேலை செய்த ஊடகவியலாளர்கள் 600க்கு மேல். முன்னாள் பிரதி அமைச்சர் நிருபமா ராஜபக்ஷவின் பெயரும் அவரது கணவர் திருக்குமார் நடேசனின் பெயரும் வெளியே வந்தது அப்படித்தான்.

வன்னியில் எங்களுக்கு யாரும் டெராபைட் கணக்கில் கசியவிடவில்லை. எங்களிடம் இருந்தது ஒரேயொரு கழித்தல் கணக்கு.

2011 ஜனவரியில், போர் பற்றி விசாரிக்க அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு மன்னாரில் அமர்ந்தபோது, மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை அந்தக் கணக்கை எழுத்தில் கொடுத்தார். கிளிநொச்சி, முல்லைத்தீவு கச்சேரிகளின், அதாவது மாவட்டச் செயலகங்களின், பதிவின்படி 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380 பேர். மிச்சம் 146,679. இவர்களுக்கு என்ன நடந்தது என்று தெளிவுபடுத்துங்கள் என்பதுதான் அவர் கேட்டது. கொல்லப்பட்டார்கள் என்று அவர் எழுதவில்லை. அந்த வேறுபாட்டைப் பிறகு எழுதியவர்களில் பலர் கவனிக்கவில்லை. கணக்குச் சொன்ன அடுத்த ஆண்டே குற்றப் புலனாய்வுத் துறையினர் ஆயரிடம் விசாரணைக்குப் போனார்கள்.

தரவு ஊடகவியல் படிக்கிற பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது இந்தக் கணக்கைத்தான். கழிக்கப்பட்ட இரண்டு எண்களும் உத்தியோகபூர்வமானவை. ஒன்று அரச அலுவலகத்தினது, மற்றது ஐ.நா. வெளியிட்ட எண்ணிக்கை. எதிர்த்தரப்பின் கணக்கேட்டிலிருந்தே கேள்வி எழுகிறது. அதே நேரம், அந்த 429,059 எங்கிருந்து வந்தது என்றும் கேட்கத்தான் வேண்டும். கிராம அலுவலர்களான விதானைமார் குடும்ப அட்டைகளைப் பார்த்து எழுதி, பிரதேச செயலகம் கூட்டி, கச்சேரி தொகுத்தது அது. நிவாரணம் கொடுப்பதற்காக எடுத்த கணக்கு. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போன சனம் இரண்டு இடங்களில் பதிந்திருக்கலாம். கடலால் இந்தியாவுக்குப் போனவர்களும், வேறு வழியால் வந்து எந்தப் பதிவிலும் விழாதவர்களும் இருக்கலாம். இதையெல்லாம் கழித்தாலும் கேள்வி கரைந்துபோகாது. ஆனால் எண்ணின் மேல் ஏறி நிற்கிறவர் அது எந்தக் காலில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு ஏற வேண்டும்.

எண்ணிக்கை இங்கே வெறும் எண்ணிக்கையாக இருந்ததில்லை. 2009 தொடக்கத்தில் வன்னிக்குள் 70,000 பேரளவில்தான் இருக்கிறார்கள் என்று அரசு சொன்னது. உள்ளேயிருந்த அதிகாரிகள் பல மடங்கு சொன்னார்கள். லொறியில் எத்தனை மூட்டை அரிசி ஏறும், எவ்வளவு மருந்து ஏறும் என்பதை அந்த எண்தான் முடிவு செய்தது. கடைசியில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களின் தொகை எந்தக் கணக்கு உண்மைக்குக் கிட்ட இருந்தது என்று காட்டிவிட்டது. ஒரு எண்ணைக் குறைத்து எழுதினால் ஒரு ஊர் பட்டினி கிடக்கும் என்று பாடப்புத்தகத்தில் படித்தவர்களல்ல எங்கள் சனம்.

அடுத்தது பெயர்கள். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தில் அமர்ந்தார்கள். அங்கே போயிருக்கிறவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு தாயிடமும் ஒரு பொலித்தீன் பை இருக்கும். செஞ்சிலுவைச் சங்கத்தின் துண்டு, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம், ஜனாதிபதி ஆணைக்குழுவில் சாட்சி சொன்ன கடிதம், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி. ஒரே பிள்ளைக்கு நாலைந்து பதிவு. ஒவ்வொன்றிலும் பெயர் ஒவ்வொரு மாதிரி. இந்தப் பட்டியல்களை ஒன்றாக்கி, இரட்டிப்பு நீக்கி, எத்தனை பேர் என்று சொல்வதுதான் தரவு வேலையின் மூலவேலை. கணினிக்கு இது ஒரு நொடி வேலை என்று நினைத்துத்தான் நானும் இறங்கினேன்.

பெயர் ஒப்பிடப் பரவலாகப் பாவிக்கிற பழைய முறை சவுண்டெக்ஸ். 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிர் ஒலிகளைக் கைவிட்டு, அடுத்த மூன்று மெய்யொலிகளை எண்ணாக்கும். ஆங்கிலத்தில் எழுதிய சிவகுமாரை அதற்குள் போட்டால் எஸ்-125 என்று வரும். சிவகுமாரனும் எஸ்-125. சிவகாமியும் எஸ்-125. அமெரிக்கச் சூத்திரத்துக்கு மூவரும் ஒருவர். மறுபக்கம், ‘யோகேஸ்வரி’ என்று ஒரு பட்டியலிலும் ‘ஜோகேஸ்வரி’ என்று இன்னொன்றிலும் இருக்கிற ஒரே பெண், முதல் எழுத்து வேறு என்பதால் அந்தச் சூத்திரத்தில் ஒருநாளும் சந்திக்கவே மாட்டார். எத்தனை எழுத்தை மாற்றினால் ஒரு பெயர் மற்றதாகும் என்று எண்ணுகிற லெவன்ஸ்டீன் முறை கொஞ்சம் நல்லது. ஆனால் சிவகுமாருக்கும் சிவகுமாரிக்கும் ஆங்கிலத்தில் ஒரெழுத்துத்தான் வித்தியாசம். அண்ணனையும் தங்கையையும் சேர்த்து ஒரு வரியாக்கிவிடும்.

இதற்கு மேல் எங்களுடைய சிக்கல்கள். முதலெழுத்து தகப்பன் பெயர், கலியாணத்தோடு அது மாறும். ழகரத்தை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுவார்கள். பொலிஸ் நிலையத்தில் சிங்களத்தில் எழுதி, அதை ஆங்கிலத்தில் பெயர்த்தால் இன்னொரு பெயர் பிறக்கும். இயக்கப் பெயரில் மட்டும் அறியப்பட்டவர்கள் தனி. புளியங்குளம் என்றால் எந்தப் புளியங்குளம்?

என் பிழையைச் சொல்கிறேன். ஒரு தொகுப்பில் ஒரே பெயர், ஒரே முதலெழுத்து, ஒரே ஊர், பிறந்த ஆண்டு ஒன்று முன்பின்னாக இரண்டு வரிகள். கணினி நிரல் ‘இரட்டிப்பு’ என்று மஞ்சள் போட்டது. நானும் சம்மதித்து ஒன்றை அழித்துவிட்டேன். பட்டியலை வாசித்துக் காட்டிய அன்று ஒரு அம்மா எழும்பிக் கேட்டார்: “தம்பி, இதிலை ஒருத்தன்தான் இருக்கிறான். இவன் என்ர பிள்ளை. மற்றவன் எங்கை? மற்றவன் என்ர மனிசன்ர தமையன்ர மகன்.” ஒரே பேரனாரின் பெயரை இரண்டு பேரப்பிள்ளைகளுக்கும் வைத்திருக்கிறார்கள். தகப்பன்மார் இருவரின் பெயரும் ‘க’வில் தொடங்குகிறது. எங்கள் ஊரில் இது சாதாரணம். காணாமல் போன ஒரு பிள்ளையை நான் இன்னொரு தரம் காணாமல் ஆக்கிவிட்டேன். அதற்குப் பிறகு நிரலுக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. யகரமும் ஜகரமும் ஒன்று, ஊர்ப்பெயருக்கு மாற்று வடிவங்கள் இவை இவை என்று நாங்களே எழுதிக்கொடுத்த விதிகளின்படி அது ‘இதைப் பார்’ என்று சொல்லும். பார்ப்பது நாங்கள்தான், பெரும்பாலும் வீட்டுக்குப் போய்.

பட்டியல்களை இப்படிப் பிழையறச் சேர்த்துவிட்டால், எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்களைக்கூட ஓரளவு மதிப்பிடலாம். விளங்கப்படுத்த இரணைமடுக் குளத்துக்குப் போவோம். முதல் நாள் 100 மீன் பிடித்து வாலில் அடையாளம் போட்டு விடுகிறீர்கள். அடுத்த கிழமை 80 மீன் பிடிக்கிறீர்கள். அதில் 20இல் அடையாளம் இருக்கிறது. நாலில் ஒன்று. அப்படியென்றால் குளத்தில் 400 மீனளவில் இருக்க வேண்டும். மீனுக்குப் பதிலாகப் பெயர், வலைக்குப் பதிலாகப் பட்டியல். இரண்டு அமைப்புகள் தனித்தனியாகச் சேர்த்த பட்டியல்களில் பெரும்பாலும் ஒரே பெயர்களே இருந்தால் வெளியே விடுபட்டவர்கள் குறைவு. ஒன்றோடொன்று பொருந்தாமல் கிடந்தால் விடுபட்டவர்கள் அதிகம். குடும்பங்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் ஒரே இடத்தில் போய்ப் பதிவதால் பட்டியல்கள் உண்மையில் தனித்தனியானவை அல்ல. ஆகவே மூன்று நான்கு பட்டியல்கள் வேண்டும், கணிதமும் சிக்கலாகும். பெருவின் உண்மை ஆணைக்குழு 2003இல் தன் நாட்டில் இறந்தும் காணாமலும் போனவர்கள் 69,280 பேரளவில் என்று சொன்னது இந்த முறையால்தான். அதைச் செய்த பட்ரிக் போலின் மனித உரிமைத் தரவுப் பகுப்பாய்வுக் குழு, உண்மைக்கும் நீதிக்குமான சர்வதேச செயற்றிட்டத்தோடு சேர்ந்து 2018 டிசெம்பரில் முள்ளிவாய்க்கால் பற்றிய ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. 2009 மே 17 முதல் 19 வரையான மூன்றே நாட்களில், இராணுவத்திடம் சரணடைந்தபின் காணாமல் ஆக்கப்பட்டவர்கள் குறைந்தது 500 பேர்.

இந்த எண்ணை ‘500 பேர்தானா?’ என்று கேட்டவர்களும் உண்டு. மூன்று நாட்கள், ஒரு வகைச் சம்பவம் மட்டும் என்ற எல்லையை வாசிக்காததால் வந்த கேள்வி அது. பிழை தலைப்புப் போட்ட எங்கள் பக்கத்திலும் இருந்தது.

மேலிருந்து பார்க்கும் கண் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த நிலத்துக்குள் ஊடகவியலாளர் யாரும் போக முடியாதிருந்த 2009இல், ஐ.நா.வின் செய்மதிப் பிரிவும் அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கமும் செய்மதிப் படங்களை ஆராய்ந்தன. மே 6ஆம் திகதிப் படத்தில் இருந்த தரப்பாள் கொட்டில்கள் மே 10இல் இல்லை. எறிகணைக் குழிகள் இருந்தன. அப்போது அது பெருஞ்செலவு வேலை. இப்போது ஐரோப்பாவின் சென்டினல்-2 செய்மதிகள் 10 மீற்றர் துல்லியத்தில், ஐந்து நாளுக்கு ஒருமுறை எடுக்கிற படங்களை ஒட்டுசுட்டானில் இருக்கிற ஒருவர் சும்மா இறக்கிப் பார்க்கலாம். ஆற்றோரம் மணல் அள்ளிய இடம், காட்டுக்குள் புதிதாக விழுந்த பாதை எல்லாம் தெரியும். ஆனால் மாரியில் தெரியாது. கார்த்திகை, மார்கழி முழுக்க முகில்தான். களவாக வெட்டுகிறவர்களுக்கும் அது தெரியும் என்பது என் சந்தேகம். இன்னொன்று, அறுவடைக்கு வெட்டிய தேக்கந்தோட்டத்தையும் இயந்திரம் ‘மரமிழப்பு’ என்றுதான் எழுதும்.

படம் பொய் சொல்லாவிட்டாலும் பாதிக் கதையோடு நிற்கும். வில்பத்துத் தேசியப் பூங்காவை அண்டிய காடழிப்புச் சர்ச்சை அதற்கு நல்ல உதாரணம். மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கம் காடு வெட்டப்பட்டிருப்பது 2015 வாக்கில் செய்மதிப் படங்களோடு செய்தியானது. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று சொல்லி, மீள மரம் நடும் செலவை முன்னாள் அமைச்சர் ரிஷாட் பதியுதீன் ஏற்க வேண்டும் என்றது. சட்டம் அப்படி. ஆனால் 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியதையும், இருபது ஆண்டுக்கு மேல் ஆளில்லாத ஊரில் காடு வளர்ந்ததையும் எந்தச் செய்மதியின் நிறக்கட்டமும் சொல்லாது. பச்சை மண்ணிறமானதைத்தான் அது காட்டும். திரும்பி வந்தவர் யார் என்று கேட்க மறிச்சுக்கட்டிக்குத்தான் போக வேண்டும்.

மெக்சிக்கோவில் இதே பட்ரிக் போலின் குழு, அங்குள்ள அமைப்புகளோடு சேர்ந்து, மறைவான புதைகுழிகள் எந்த மாநகரப் பிரிவில் இருக்கக்கூடும் என்று கணினியைக் கற்றுக்கொள்ள வைத்தது. ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்ட குழிகள் பற்றிய செய்திகள்தான் அதற்குப் பாடம். வன்னிக்கு அதைக் கொண்டுவரலாமே என்று கேட்கிறார்கள். மன்னார் சதொச வளவுக் குழி 2018இல் கட்டடத்துக்கு மண் வெட்டியபோது வெளிப்பட்டது. கொக்குத்தொடுவாய்க் குழி 2023 ஜூனில் தண்ணீர்க் குழாய் தாக்கத் தோண்டியபோது. தேடிக் கண்டவை இரண்டு கைவிரல்களுக்குள் அடங்கும் இடத்தில் இயந்திரம் எதைப் பார்த்துப் படிக்கும்? குழாய் போகும் வழியைத்தான் படிக்கும்.

போலி வீடியோ பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2009 ஓகஸ்டில் பிரித்தானியாவின் சனல் 4 ஒளிபரப்பிய, கைதிகளை இராணுவத்தினர் சுட்டுக்கொல்வதாகக் காட்டிய காட்சியை அரசு போலி என்றது. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் துறைசார் நிபுணர்களைக் கொண்டு ஆராய்ந்து, அது மெய்யானதாகவே தோன்றுகிறது என்று 2010 ஜனவரியில் சொன்னார். 2023 நவம்பர் 27 அன்று புலிகளின் தலைவர் பிரபாகரனின் மகள் என்று ஒரு பெண் பேசிய காணொளி வந்தபோது தேத்தண்ணிக் கடையில் எல்லோருமே நிபுணர்கள்: உதடு பொருந்துதில்லை, கண் வெட்டுதில்லை, இது ஏஐ. அந்தச் சந்தேகம் நல்லதுதான். ஆனால் அதே சந்தேகத்தை உண்மையான காட்சி மீது எறிவது இப்போது முன்னைவிடச் சுகம். இன்னொரு பக்கம், வன்முறையான காட்சி என்று தானாகவே அழித்துவிடுகிற நிரல்களும் சான்றைத் தின்கின்றன. 2017இல் சிரியப் போரின் ஆயிரக்கணக்கான காணொளிகள் யூடியூப்பில் இப்படிப் போயின. கார்த்திகை மாதத்தில் விளக்கேற்றிய படம் போட்டுப் பேஸ்புக் கணக்கு முடங்கியவர்களைக் கேட்டால் எங்கள் பக்கத்துக் கதை வரும்.

கசிந்த கோப்பு இல்லாத எங்களுக்குக் கையில் இருக்கிற திறப்பு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 14 வேலை நாட்களுக்குள் தருகிறோமா இல்லையா என்று சொல்ல வேண்டும். எனக்கு ஒரு அலுவலகத்திலிருந்து வந்த பதில், தாளில் அச்சடித்து, சரித்து ஸ்கான் செய்து அனுப்பியது. கணினிக்கோப்பாகத் தாருங்கள் என்று திரும்பக் கேட்டேன். வந்தது, திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு குப்பை. பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இருக்கிற கணினியில் அழகான தமிழ், தேடுபொறிக்கு அது தமிழே இல்லை. ‘அம்மா’ என்று தேடினால் ஒரு அம்மாவும் அகப்படாது. யூனிகோட்டுக்கு மாற்றும் சிறு கருவிகள் உண்டு. மாற்றியபின் ஒவ்வொரு பெயரையும் கண்ணால் பார்த்துத் திருத்த ஒரு கிழமை போனது. பனாமா ஆவணங்களில் வேலை செய்தவர்களுக்கு இந்தச் சுகம் கிடைத்திருக்காது.

இவ்வளவும் அல்கொரிதம் எங்கள் கையில் கருவியாக இருப்பது பற்றி. இப்போது அது எங்களைக் கணக்கெடுக்கவும் வந்துவிட்டது. ஏழைக் குடும்பங்களுக்கு அரசு கொடுக்கும் ‘அஸ்வெசும’ கொடுப்பனவு 2023இல் தொடங்கியபோது, யார் ஏழை என்பதை முடிவு செய்தது 22 குறிகாட்டிகள் கொண்ட ஒரு புள்ளித் திட்டம். கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு. விடைகளுக்குப் புள்ளி, புள்ளிக்கு ஏற்ப நான்கு படி: மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா. 20 இலட்சம் குடும்பங்களுக்கு இடம். பட்டியல் ஒட்டியதும் நாடு முழுவதிலுமிருந்து 10 இலட்சத்துக்குக் கிட்ட மேன்முறையீடுகள் போயின. முன்பிருந்த உதவித் திட்டமான சமுர்த்தியில் உத்தியோகத்தரைக் குற்றம் சொல்லலாம், அரசியல்வாதியைத் திட்டலாம். இப்போது பிரதேச செயலகத்தில் கேட்டால் “சிஸ்டம் எடுக்கேல்லை அக்கா” என்கிறார்கள். சிஸ்டத்தோடு யார் சண்டை பிடிப்பது?

அமெரிக்காவில் புரோபப்ளிக்கா என்ற செய்தி நிறுவனம் 2016இல் செய்தது இங்கேதான் உதவும். கைதானவர் மீண்டும் குற்றம் செய்வாரா என்று புள்ளி போடும் ஒரு மென்பொருளை, புளோரிடாவின் புரோவர்ட் பகுதியில் 7,000க்கு மேற்பட்டவர்களின் புள்ளிகளோடும் அடுத்த இரண்டு ஆண்டில் உண்மையில் நடந்ததோடும் ஒப்பிட்டார்கள். மீண்டும் குற்றம் செய்யாத கறுப்பினத்தவரில் 44.9 வீதத்தினரை அது ஆபத்தானவர்கள் என்று தவறாகச் சொல்லியிருந்தது. வெள்ளையரில் அது 23.5 வீதம். சூத்திரத்தை அந்தக் கம்பனி காட்டவில்லை. உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் வைத்தே பிழையின் சாய்வைப் பிடித்தார்கள்.

வன்னிக்கு அதே வேலையைச் செய்யத் தொடங்கியிருக்கிறேன். மெதுவாகத்தான் போகிறது. விசுவமடுப் பக்கம் ஒரு அக்காவின் வீட்டில் இருந்து தொடங்கினேன். கணவர் இல்லை, கூலி வேலை, கொடுப்பனவு இல்லை. வீடு கல்வீடு, சீமெந்து நிலம். இந்திய உதவியில் கட்டிய 50,000 வீடுகளில் ஒன்று. அந்த 550,000 ரூபா போதாமல், ஓடு போடவும் கதவு வைக்கவும் வட்டிக்கு எடுத்த காசு இன்னும் முடியவில்லை. “வீடு இருக்கோ எண்டு கேட்டவை, ஓம் எண்டனான். கடனைச் சொல்ல அவையின்ர ரப்லெட்டிலை இடமில்லை எண்டவை.” மின்கட்டணத் துண்டையும் கொண்டுவந்து காட்டினார். பக்கத்து வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் ஒரே மீற்றர்; இரண்டு வீட்டு மின்சாரமும் ஒரே துண்டில்தான் வரும்.

மறுத்த வீடுகளையும் கிடைத்த வீடுகளையும் ஒரு அட்டவணையில் எழுதிவருகிறேன். பெயருக்குப் பதிலாக இலக்கம். பெயர்கள் வேறொரு கொப்பியில், கையெழுத்தில், வேறொரு இடத்தில் இருக்கின்றன. எந்தப் பக்கத்துப் புலனாய்வு என்று கேட்ட அந்த ஐயாவின் கேள்வி இன்னும் காதில் இருப்பதால் செய்கிற ஏற்பாடு அது. 22 குறிகாட்டிகளுக்கும் அட்டவணையில் 22 நெடுவரிசைகள் போட்டிருந்தேன். விசுவமடுவால் வந்த அன்று இரவு 23ஆவது ஒன்றைச் சேர்த்தேன்: வீட்டை யார் தந்தது, அதன் கடன் இன்னும் எவ்வளவு.